இருபத்தேழாம் எண் பெட்டி

மே 4, சனி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பெட்டிகளின் மேல் எண்களை இனி மஞ்சள் பெயின்ட்டில் எழுதுவது என்று இன்று முடிவு செய்தேன். இதுவரை நடந்த மூன்று மாற்றல்களிலும் வெள்ளைதான். வெள்ளையைக் கைவிடுவது லேசான காரியம் அல்ல என்று அறிவேன். ஆனால் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை எண் எழுதினால் கருமாதிப் பத்திரிகை போல இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதை வெளியே சொல்லும் துணிவு இன்றுதான் வந்தது. குடும்பத்தாரைக் கூட்டி அறிவித்தேன். கோமதி “சரி” என்றாள். பூரணி “பச்சை” என்றாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது.

பிற்காலத்தில் எங்கள் மகள் பூரணி இதைப் படிக்கக்கூடும் என்பதால் விவரங்களைக் குறித்து வைக்கிறேன். என் மனைவி கோமதி விமானப்படையில் விங் கமாண்டர். நான் அவளுடைய கணவன். அதுபோக, கேமராவை அணைத்து வைத்திருக்கும் அறுபது கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அசாமில் தேஜ்பூரிலிருந்து சென்னை தாம்பரத்துக்குக் கோமதிக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் மூன்றாம் தேதி அங்கே பொறுப்பேற்க வேண்டும். வீட்டுச் சாமான்கள் லாரியில் போகும். நாங்கள் கௌஹாத்தியிலிருந்து விமானத்தில் போவோம்.

பட்டாளத்துக் குடும்பங்களில் பெட்டிதான் வீடு. சுவர்கள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு பெட்டியிலும் கோமதியின் பெயர், பதவி, அதன் கீழே எண். என் ஏற்பாடு எளிமையானது: எண் உள்ளது லாரியில் ஏறும், எண் இல்லாதது நிற்கும். இதைவிடச் சுருக்கமான அரசியல் சட்டம் உலகில் வேறெங்கும் இல்லை.

நாயின் பெயர் தாசில்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு மழைநாளில் அதிகாரிகள் மெஸ் சமையலறைக்குப் பின்னால் பூரணி கண்டெடுத்தாள். வீட்டுக்கு வந்த அன்றே என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் ‘பார்க்கலாம்’ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டதால் அந்தப் பெயர். நாய் பூரணியுடையது. கோமதிக்கும் ஓரளவு பங்கு உண்டு. எனக்கும் அதற்கும் உள்ள தொடர்பு ஒரே வீட்டில் குடியிருக்கிறோம் என்ற அளவில்தான். காலையில் நான் நடக்கப் போகும்போது அதுவும் அதே திசையில் வரும்.

மே 6, திங்கள்

தாசில்தாரும் விமானத்தில்தான் போக வேண்டும். கத்திரி வெயிலில் மூன்று பகல் ரயிலில் கொண்டுபோவது சரிப்படாது என்று கோமதி சொல்லிவிட்டாள். விமானத்தின் அடிவயிற்றில், சரக்கோடு, ஆனால் காற்றும் குளிர்ச்சியும் உள்ள பகுதியில் ஏற்றுவார்களாம். ஒரு பயணத்துக்கு ஒரு விலங்குதான். மே 30ஆம் தேதி நாங்கள் போகும் அதே விமானத்தில் அந்த ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதை விட்டால் ஜூலை.

மெஸ் சமையல்காரர் திலீப் கலிதா சாயங்காலம் வந்தார். அவருடைய இந்தியும் என் இந்தியும் ஒரே தரம். ஆகையால் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை. நாயைப் பெட்டியில் அடைத்து ஆகாயத்தில் அனுப்புவது பாவம், இங்கேயே என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், தினமும் மீன் தலை போடுகிறேன் என்றார். தாசில்தார் அவருடைய கையை முகர்ந்து பார்த்து, மனுவில் உண்மை இருப்பதாக ஏற்றுக்கொண்டது.

“நல்ல மனுசன், நல்லா வச்சுக்கிடுவாரு,” என்றாள் கோமதி. “முப்பதாந்தேதி எல்லாம் சரியா அமைஞ்சா கூட்டிட்டுப் போறோம். இல்லன்னா கலிதா வீடு.”

“இல்லன்னான்னா?” என்றாள் பூரணி.

“இல்லன்னான்னா இல்லன்னுதான்.”

பத்து வயதுக்கு அவள் அதை நன்றாகவே வாங்கிக்கொண்டாள். சோற்றைத்தான் வைத்துவிட்டாள்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கலிதா சொல்வது நியாயம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மே 8, புதன்

நாயின் பயணப் பெட்டி வந்து சேர்ந்தது. சாம்பல் நிற பிளாஸ்டிக், கம்பிக் கதவு, பக்கங்களில் காற்றுத் துளைகள். கால்நடை மருத்துவர் சொன்னபடி, பயணத்துக்குள் நாய் அதைத் தன் வீடாக நினைக்கப் பழக வேண்டும். உள்ளே சோறு வைக்க வேண்டும், கதவைச் சிறிது நேரம் சாத்திப் பார்க்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது. பழகாத நாயை ஏற்ற மாட்டார்கள். கத்திக் கலவரம் செய்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாசில்தார் பெட்டியைச் சுற்றி வந்து பார்வையிட்டது. பிறகு அதன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மே 9, வியாழன்

இன்றும் கூரைமேல்.

மே 11, சனி

பெட்டியின் உட்புறத்தில் அச்சமூட்டும்படி ஏதாவது இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, உள்ளே போய்ப் பார்ப்பதுதான். பின்மாலையில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தலையையும் தோள்களையும் உள்ளே செலுத்தினேன். ஆராய்ச்சியில் தெரிந்தவை: உட்புறம் போதுமான வெளிச்சம் உள்ளது. புது பிளாஸ்டிக் வாடை. தோள்கள் உள்ளே போகும் கோணம் வேறு, வெளியே வரும் கோணம் வேறு.

அந்த நேரத்தில் கோமதிக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் அதிகாரிகள் இருவர், வழியனுப்பு விருந்துக்கான அழைப்பிதழோடு வந்தார்கள். வாசற்கதவு திறந்திருந்தது. நான் வீட்டில் கட்டும் நீலக் கட்டம் போட்ட லுங்கியில் இருந்தேன். அவர்களுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். “குட் ஈவினிங் சார்” என்று அதற்கு வணக்கம் சொன்னார்கள். நானும் பெட்டிக்குள்ளிருந்து முறைப்படி பதில் சொன்னேன். அழைப்பிதழை எங்கே வைப்பது என்று அவர்களுக்குள் தாழ்ந்த குரலில் ஒரு விவாதம் நடந்தது. விருந்துக்கு ஆண்கள் பிளேசர் அணிய வேண்டும் என்பதை நினைவுபடுத்திவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் தாசில்தார் வந்து என் உள்ளங்காலை நக்கியது. அதை உதவி என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

மே 14, செவ்வாய்

வீட்டார் உடுத்திய துணி ஏதாவது உள்ளே விரித்தால் வாசனைக்குப் போகும் என்றார் மருத்துவர். பூரணி தன் பள்ளி ஸ்வெட்டரை விரித்தாள். முகர்ந்துவிட்டு விலகியது. கோமதியின் பழைய சீருடைச் சட்டையை விரித்தோம். இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்தது. உத்தரவுக்குக் காத்திருப்பது போல இருந்தது. கடைசியில், கைக்கு அகப்பட்டது என்பதற்காக மட்டும், என் நீலக் கட்டம் போட்ட லுங்கி விரிக்கப்பட்டது. தாசில்தார் நேராக உள்ளே போய், மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

“பாத்தியளா,” என்றாள் கோமதி. “யாருக்கு யாரு நாயின்னு இப்ப தெரியுதா?”

இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. லுங்கி பருத்தி. பருத்தியில் வாசனை தங்கும்.

மே 15, புதன்

கதவைச் சாத்தினோம். குறட்டை விட்டது.

மே 20, திங்கள்

எல்லாப் பெட்டிகளுக்கும் எண் எழுதி முடிந்தது. ஒரே நாளில் அறை அறையாக, இடையில் நிறுத்தாமல் செய்யப்பட்டது. மஞ்சள் என்ற முடிவு சரியானதே. வாசலில் நின்று பார்த்தால் சாமந்தித் தோட்டம் போல இருக்கிறது. மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பது இருந்ததாக ஒரு நினைவு. ஆனால் நாற்பது முழு எண், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. வீட்டில் எண் இல்லாத பெட்டி ஒன்றுகூட இல்லை.

தாசில்தாரின் இடது காதில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை.

மே 23, வியாழன்

லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாமக்கல் வண்டி. டிரைவர் செங்கோட்டுவேல் ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் தமிழ் பேசுபவர்களைப் பார்த்ததில் மகிழ்ந்து, எங்களிடம் இரண்டு முறை காபி வாங்கிக் குடித்தார்.

ஏற்றும்போது நான் அங்கே இல்லை. ஆட்களின் காலுக்குள் நாய் புகுந்துவிடும் என்பதால் அதைப் பிரம்மபுத்திரா கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நதி அகலமானது. நாய் அதைப் பார்த்துக் குரைத்தது, நதி பொருட்படுத்தவில்லை. இருவரும் கரையில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றோம். சம பங்கு அல்ல.

திரும்பி வந்தபோது பூரணி வாசலில் நின்றிருந்தாள். ஏற்றுவதை மேற்பார்வை செய்யும் பொறுப்பை அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.

“நாப்பதும் ஏறியாச்சு அப்பா. ஒண்ணுகூட விடல.”

நான்கு மாற்றல்களில் எண்ணிக்கை சரியாக வந்தது இதுவே முதல் முறை. அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். தாசில்தார் காலியான கூடத்தின் ஒரு மூலைக்குப் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சோபாவைத் தேடுகிறது என்று நினைத்தேன்.

மே 24, வெள்ளி

சோபாவை அல்ல.

காலையில் அதற்குச் சோறு வைக்கத் தட்டோடு போனபோது பெட்டி இல்லை. இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று இருந்தது. கோமதியைக் கூப்பிட்டேன்.

“எந்தப் பெட்டி?” என்றாள்.

“நாயோட பெட்டி.”

“அது இருபத்தேழு,” என்றாள் பூரணி பல்தேய்த்துக்கொண்டே. “ஹாலில கடைசி. ஏத்தியாச்சே.”

“அதை ஏன்ட்டி ஏத்துன?”

“நம்பர் இருந்துச்சேம்மா. நம்பர் இருந்தா ஏறும்லா. அப்பாதானே சொன்னாங்க.”

“அதுக்கு நம்பர் போட்டது யாரு?”

இந்தக் கேள்வி கூடத்தில் சிறிது நேரம் நின்றது. சாமான் இல்லாத வீட்டில் எல்லாம் எதிரொலிக்கும். பெயின்ட் டப்பா எல்லோரும் புழங்கும் இடத்தில்தான் இருந்தது என்பதை நான் சுட்டிக்காட்டினேன். கோமதி என் வலது கைப் பெருவிரல் நகத்தைப் பார்த்தாள். மண்ணெண்ணெய்க்கும் போகாத மஞ்சள் அது.

“தாசில்தார் காதுலயும் இருக்கும்மா,” என்றாள் பூரணி. “எழுதும்போது உள்ளதான் படுத்திருந்திருக்கு.”

யார் எழுதியது என்ற ஆராய்ச்சி இந்தக் கட்டத்தில் பயன் தராது என்று நான் கருதியதால் செங்கோட்டுவேலுக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க சார், நல்லாருக்கீங்களா? வண்டி அசாம் எல்லையத் தாண்டீருச்சுங்க.”

“இருபத்தேழாம் நம்பர் பெட்டி ஒண்ணு இருக்கு. சாம்பல் கலரு, கம்பிக் கதவு…”

“அது அடியில இருக்குதுங்க. மேல பிரிட்ஜு, அதுக்கு மேல பீரோ. காலிப் பெட்டியச் சும்மா ஏத்தறது எதுக்குன்னு குக்கரு, இட்லிப் பானை, வடச்சட்டி எல்லாத்தயும் உள்ள அடுக்கிப்போட்டமுங்க. ஏதோ பழய துணி வேற கெடந்துச்சு. பாத்திரம் முட்டாம இருக்க அதையே சுத்திவெச்சோம்.”

“அது என் லுங்கி.”

“அப்படீங்களா. நல்ல துணீங்க.”

“அதை எடுத்துத் திருப்பி அனுப்ப முடியுமா? அது தாசில்தாரோட பெட்டி.”

மறுமுனையில் வண்டி ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியிருந்தது.

“தாசில்தாருதுங்களா? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. திருப்பி அனுப்ப வழியில்லீங்க. ஆனா இனிமே அந்தப் பெட்டி என் பொறுப்பு.”

மே 25, சனி

கௌஹாத்தியில் விசாரித்தாயிற்று. கடைகளில் இருப்பது பூனை அளவு. இணையத்தில் ஜூன் ஐந்தாம் தேதி தருவதாகச் சொல்கிறார்கள். விமானம் முப்பதாம் தேதி.

செய்தி எப்படியோ பரவி, கலிதா வந்தார். முகத்தில் வருத்தத்தைக் காட்ட நல்ல மனதோடு முயன்றார். நாய்க்கென்று ஒரு சாக்கு மெத்தை தைத்து வைத்திருக்கிறாராம்.

அவர் சொன்னதை நடுநிலையோடு யோசித்துப் பார்த்தேன். நாய் பிறந்தது இங்கே. இந்த மழையும் மீனும் அதற்குப் பழக்கம். சென்னை வெயிலில் அதற்கு என்ன கிடைக்கும்? பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் விட்டுவிட்டுப் போவதே அறிவு என்று வருகிறது. ஆகவே உடனே புறப்பட்டு, அணிவகுப்புத் திடலுக்குப் பின்னால் இருக்கும் தச்சர் லோஹித் போராவைப் பார்க்கப் போனேன்.

மே 26, ஞாயிறு

மரப்பெட்டிகளையும் ஏற்றுவார்கள் என்று கோமதி சரக்கு அலுவலகத்தில் பேசித் தெரிந்துகொண்டாள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். அளவுகளை எழுதி போராவிடம் கொடுத்தேன். நாயின் நீளத்தை அளப்பதற்குள் போராவின் அளவு நாடாவில் ஒரு பகுதியை நாய் தின்றுவிட்டது.

மே 27, திங்கள்

போரா பெட்டியைக் காட்டினார். நல்ல மரம், நல்ல வேலை. இருபக்கமும் சரிந்த கூரை போட்டு, முகப்பில் தாமரை செதுக்கியிருந்தார்.

கூரை ஏன் சரிவாக இருக்கிறது என்று கேட்டேன். மழைக்கு என்றார். விமானத்துக்குள் மழை பெய்யாது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மழை பெய்யாத இடம் என்று ஒன்று இருப்பதாக ஜூன் மாதத்தை நெருங்கும் அசாமில் ஒருவரை நம்பவைப்பது கடினம். மேலும் விமானம் போவது மேகத்துக்குள்தானே என்று கேட்டார்.

பூரணிதான் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கூரை தட்டையாயிற்று. தாமரை இருக்கிறது.

மே 28, செவ்வாய்

தாசில்தார் மரப்பெட்டிக்குள் போகவில்லை. புது மரமும் வார்னிஷும் கலந்த வாடை. கலிதா கொடுத்த மீன் தலையை உள்ளே வைத்தோம். முன்னங்கால் இரண்டும் வெளியே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டது. வழியனுப்பு விருந்துக்குப் பிளேசரில் போனேன். கோமதியைப் பற்றி ஒன்பது பேர் பேசினார்கள். என்னைப் பற்றிப் பேசிய ஒருவர் பெட்டிக்குள் இருந்ததைக் குறிப்பிட்டார்.

மே 29, புதன்

போகவில்லை.

மே 30, வியாழன் (விமானத்தில் எழுதியது)

நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையிலேயே கௌஹாத்தி வந்துவிட்டோம். கோமதி பயணப் பெட்டிகளோடு முன்பக்கம் பதிவு செய்யப் போனாள். பூரணியும் நானும் தாசில்தாரையும் மரப்பெட்டியையும் கொண்டு சரக்குக் கூடத்துக்குப் போனோம். கழுத்துவரை மூடும் என் பிளேசரைப் பெட்டியில் மடித்தால் கசங்கும் என்று கையில் வைத்திருந்தேன். இதை ஒரு காரணத்துக்காகக் குறிப்பிடுகிறேன்.

சரக்குக் கூடத்தில் கண்ணாடி போட்ட இளம்பெண் அதிகாரி ஒருவர் பெட்டியை நான்கு பக்கமும் பார்த்தார். துளைகளுக்குள் விரலை விட்டார். தண்ணீர்க் கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தார். மருத்துவச் சான்றைப் படித்தார். தாமரையைச் சற்று அதிக நேரம் பார்த்தார். எல்லாம் சரி, நாயை உள்ளே விடுங்கள் என்றார்.

தாசில்தார் நான்கு கால்களையும் நான்கு திசையில் ஊன்றிக்கொண்டது. பிஸ்கட் காட்டினோம். தள்ளினோம். சுமைதூக்குபவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து அதனிடம் அசாமியில் நயமாக எடுத்துச் சொன்னார். அது பூட்டு மாட்டிய அலுவலகம் போல நின்றது. நாங்களாகத் தூக்கிப் போட்டு அடைத்தால் ஏற்ற மாட்டோம், அதுவாகப் போய்ப் படுக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். சரக்கு வாங்கும் நேரம் முடியப் போகிறது என்பதையும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் பிடிக்கவில்லை.

பூரணி அழவில்லை. கழுத்துவாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள். “கலிதா அங்கிளுக்குப் போன் போடட்டா?”

“பொறு.”

“லுங்கி இருந்தா போயிருக்கும்.”

லுங்கி இப்போது ஒடிசாவில் எங்கோ இட்லிப் பானையைச் சுற்றிக்கொண்டு பயணம் செய்கிறது என்பதை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியில் ஒன்று தோன்றியது. காலையிலிருந்து குளிரூட்டி வேலை செய்யாத காரில், மடியில் நாயோடு, நான் போட்டிருந்த சட்டைக்கு அந்த லுங்கிக்குரிய எல்லாத் தகுதிகளும் வந்திருந்தன.

சட்டையைக் கழற்றி உள்ளே விரித்தேன். சரக்குக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தாசில்தார் மூக்கை நீட்டியது. ஒரு கால் வைத்தது. பிறகு நேராக உள்ளே போய், மூன்று சுற்றுச் சுற்றி, காலருக்குள் மூக்கைப் புதைத்துப் படுத்தது. அதிகாரி பெட்டிக் கதவைச் சாத்தி, அதன்மேல் சீட்டு ஒட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுமைதூக்குபவர் கைதட்டினார்.

பூரணி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வியர்வை என்று சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

பனியனுக்கு மேல் பிளேசரைப் போட்டு எல்லாப் பொத்தான்களையும் மாட்டினேன். மே மாதத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட ஆளைப் பார்த்தால் மக்கள் ஏதோ பெரிய பதவி என்று நினைக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனையில் ஒருவர் எனக்குச் சல்யூட் வைத்தார். பின்னால் வந்த உண்மையான விங் கமாண்டர் சுடிதாரில் இருந்ததால் அவளுக்கு வைக்கவில்லை.

“சட்டை எங்கங்க?” என்றாள் கோமதி.

“சரக்குல வருது.”

அவள் பூரணியைப் பார்த்தாள். பூரணி தலையாட்டினாள். கோமதி என் காலரில்லாத கழுத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பிளேசரின் மேல் பொத்தானை அவளே சரியான துளைக்கு மாற்றி மாட்டினாள். பத்தொன்பது விருந்துகளுக்கு நான் இந்தப் பிளேசரைப் போட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது இன்றுதான்.

விமானம் புறப்படுமுன் ஜன்னல் வழியே பார்த்தேன். சரக்கு வண்டியில் தாமரை போட்ட பெட்டி வந்தது. இருபது சூட்கேஸ்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் செதுக்கு வேலையோடு இருந்தது. நாய் ஏறிவிட்டதா என்று கேட்கும்படி கோமதியிடம் சொன்னேன். அவள் விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டாள். ஏறிவிட்டது, அமைதியாக இருக்கிறது என்று பதில் வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்கச் சொன்னேன்.

“நாய் பூரணியோடதுல்லா,” என்றாள் கோமதி. “நீங்க ஏன் இப்படித் தவிக்கீங்க?”

பூரணி தூங்குகிறாள். அவள் சார்பில்தான் கேட்டேன்.

மே 31, வெள்ளி

சென்னைச் சரக்குக் கூடத்தில் நேற்றுப் பெட்டியைத் திறந்ததும் நடந்தது: தாசில்தார் கோமதியைத் தாண்டியது, கூப்பிட்ட பூரணியையும் தாண்டியது. நான் தரையில் உட்கார நேர்ந்தது. பிளேசரில் இரண்டு பொத்தான்கள் போயின. பூரணி படம் எடுத்தாள். அழிக்கச் சொன்னேன். அழிக்கவில்லை, கோமதியின் தாயாருக்கும் என் தம்பிக்கும் கலிதாவுக்கும் அனுப்பியிருக்கிறாள். கலிதா மீன் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

சட்டையைத் திரும்பப் பெற முடியவில்லை. அதன்மேல் படுத்திருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

கோமதி பொறுப்பேற்றாள். வெயில் கடுமை. தாசில்தார் குளியலறையில் வசிக்கிறது.

ஜூன் 6, வியாழன்

லாரி வந்தது. தார்ப்பாயை விலக்கியதும் எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக ஒரு பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்தி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, இருபத்தேழாம் எண் பெட்டி இருந்தது. வழியில் நிறுத்தி, பிரிட்ஜையும் பீரோவையும் இறக்கி, அதை மேலே ஏற்றியிருக்கிறார் செங்கோட்டுவேல். மாலை ஒன்று மட்டும் போடவில்லை.

“ஐயா வந்திருக்காருங்களா?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“யாரு?”

“தாசில்தாருங்க. எங்க ஊர்ல நெலத்துப் பட்டா விசயம் ஒண்ணு இருக்குது. ஒரு யோசன கேக்கலாம்னு.”

பூரணி உள்ளே போய்த் தாசில்தாரை அழைத்து வந்தாள். அது அவரை மேலும் கீழும் பார்த்து, காலணியை முகர்ந்து, பிறகு எதிலும் தனக்குச் சம்பந்தமில்லாதது போல நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

செங்கோட்டுவேல் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “எங்க ஊரு ஆளும் இதையேதானுங்க பண்ணுனாரு,” என்றார். மூன்று காபி குடித்தார்.

குக்கரையும் இட்லிப் பானையையும் வெளியே எடுத்தோம். லுங்கி பத்திரமாக இருந்தது. கட்டிக்கொள்ளலாம் என்று கையை நீட்டுவதற்குள் தாசில்தார் உள்ளே போய்ப் படுத்துவிட்டது. நான் வேட்டிக்கு மாறியிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

வீடு ஒழுங்காகிவிட்டது. காலிப் பெட்டிகளை எல்லாம் பின்னறையில் அடுக்கினேன். போராவின் மரப்பெட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அடுத்த மாற்றலில் தேவைப்படும். சாயங்காலம் கோமதியும் பூரணியும் கடைக்குப் போயிருந்தார்கள். டப்பாவில் மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வீட்டில் எண் இல்லாத பெட்டி ஒன்றுகூட இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று.